டிரையர் ஓட்டையை அடைத்துக் கொடுத்த வடுவூர் கொத்தனார்: ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சின்ன வேலைக்குக் கொத்தனார் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு இது உதவும். எங்கள் வீடு மன்னார்குடியில், 9 அங்குலச் செங்கல் சுவர். வடக்குச் சுவரில் 4 அங்குலத்துக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த துணி உலர்த்தும் டிரையருக்காகப் போட்டது. அது ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலே வராத ஊரில் அது உதவியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு தடவை ஓட்டினால் 2, 3 யூனிட் கரண்ட் போகும். பிறகு மெஷின் பழுதாகி எடைக்குப் போனது, ஓட்டை மட்டும் நின்றுவிட்டது.

2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி வெளிப்பக்க மூடியும் பறந்துவிட்டது. அடுத்த வருஷம் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னோம். அவர் குழாயைக்கூட உருவாமல், உள்ளே சிமெண்ட் சாக்கைத் திணித்து மேலே பூசிவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார். பார்க்க நன்றாகவே இருந்தது. முதல் மழையிலேயே பூச்சில் வட்டமாக விரிசல், உள்சுவரில் ஈரம் இறங்கி பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்தது. வாடைக்காற்றோடு வரும் சாரல் நேராக அறைவது அந்த வடக்குச் சுவரில்தான். இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டியதும் பூச்சு வில்லையாகக் கழன்று விழுந்து சாக்கு வெளியே தொங்கியது.

அப்புறம்தான் வடுவூரிலிருந்து வரும் இந்தக் கொத்தனார். அறுபது வயது இருக்கும். நாலு பேரிடம் கேட்டு நாலு பேரும் "அரை நாள் வேலைக்கு வரமுடியாது" என்ற பிறகு கிடைத்தவர். முதல் நாள் வந்து ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடவே இல்லை. "உள்ளே குருவி குஞ்சு பொரிச்சிருக்கு தம்பி. ரெண்டு வாரம் போகட்டும், பறந்ததும் வரேன்" என்றார். அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. சொன்னபடி இரண்டு வாரத்தில் வந்தார், கூடு காலி.

வேலைதான் விஷயம். வட்டத்துக்குள் கல்லைத் திணித்தால் பிடிக்காது என்று, குழாயை உருவிவிட்டு, ஓட்டையைச் சுற்றி உடைந்திருந்த கற்களை உளியால் எடுத்து மூன்று வரி உயரத்துக்குச் சதுரமாக்கினார். ஓரங்களில் பழைய கல் பல்பல்லாக நிற்கும்படி விட்டார், புதுக்கல் அதில் கோத்துக்கொள்ள வேண்டுமாம். செங்கலைத் தண்ணீர் வாளியில் போட்டார். குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது, அது நின்ற பிறகுதான் கையில் எடுத்தார். காய்ந்த கல் கலவையிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடும், கலவை இறுகாமல் மாவாகிவிடும் என்றார். பழைய சுவரையும் தண்ணீர் தெளித்து நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, ஒன்றுக்கு ஐந்து கலவையில் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டினார். நான் அசந்துபோனது கடைசி வரியில். மேல் கல்லுக்கும் பழைய சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும், பலர் அதை வெளியே மட்டும் பூசி மறைத்துவிடுவார்கள். இவர் கலவையைக் கரண்டி முனையால் ஆழம்வரை தள்ளி, ஓட்டுச்சில்லுகளை ஆப்பு மாதிரி தட்டி இறுக்கினார். அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் வரும், விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

பூச்சை மறுநாள் வந்துதான் போட்டார். வெளியே பழைய பூச்சை நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிக் கொத்தி, புதுசும் பழசும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்து அதன்மேல் பூசினார். ஏழு நாள் காலையும் மாலையும் நனைக்கச் சொன்னார். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தோம். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே வந்து, சாக்கைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

செலவு: இரண்டு நாளும் அரை நாள் கணக்கில் அவருக்கு 1,200, கூட வந்த சித்தாளுக்கு 700, செங்கல், சிமெண்ட், எம் சாண்ட், வலை எல்லாம் சேர்த்து 650. முன்பு கொடுத்த 500 ரூபாயோடு பார்த்தால் அதிகம்தான், ஆனால் அந்த 500 வீண், இது வீண் இல்லை.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், எட்டு மணி என்றால் பத்து. போன் எடுப்பதும் கஷ்டம். கொத்திய தூசிக்கு உள்ளே எதையும் மூடச் சொல்லவில்லை, நாங்களாக மூடியிருக்க வேண்டும், அலமாரி முழுக்கச் செம்மண் நிறம். அவருக்குப் பட்டி பார்க்கிற வேலையில் கை அவ்வளவு சுத்தம் கிடையாது, அதற்குப் பெயின்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மற்ற சுவர் எப்படியோ அப்படியே காய்ந்து இருந்தது. வெளியே அந்தச் சதுரம் மட்டும் இன்னும் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. தை பிறந்ததும் பிரைமர் அடிக்க வேண்டும்.