பிளாங்கோ டெக்கிலா: மூடி திறந்ததிலிருந்து பாட்டில் காலியாகும் வரை

மூடி திறந்த அன்றே பிளாங்கோ என்ற வெள்ளை டெக்கிலாவைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது. அன்றைக்கு மிளகுக் காரமும் ஸ்பிரிட் நெடியும்தான் முன்னால் நிற்கும். ஒன்றிரண்டு பெக் ஊற்றி, பாட்டில் கழுத்துக்குக் கீழே காற்று இறங்கி ஒரு வாரம் ஆன பிறகு குடித்தால் வேறு சரக்கு போலிருக்கும். ஃபோர்டலேசா பிளாங்கோவில் இது நன்றாகத் தெரியும்: முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு வெண்ணெய், உப்புநீரில் ஊறிய ஆலிவ், கடைசியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒத்த வெந்த அகேவ் (டெக்கிலா வடிக்கப்படும் மெக்சிகோச் செடி) வாசம்.

இந்த வாசம்தான் அடிப்படை. பிளாங்கோ பொதுவாக ஓக் பீப்பாயில் ஊறி வருவதில்லை. மூலப்பொருளோ வேகவைப்போ சரியில்லை என்றால் மறைக்க எதுவும் கிடையாது. செங்கல் அடுப்பில் மெதுவாக வெந்த அகேவில் இனிப்பும் மண்வாசமும் தங்கும். பச்சை அகேவிலிருந்தே சாறு பிரிக்கும் டிஃப்யூசர் முறையில் இவை மெலிந்து, சுத்தமான வோட்காவை நோக்கிப் போய்விடும்.

லேபிளில் ‘100% டே அகாவே’ (முழுக்க அகேவ்) இல்லையென்றால் விட்டுவிடலாம். அப்படிப்பட்டதில், புளிக்கவைக்கும் சர்க்கரையில் 49 சதவீதம் வரை அகேவ் அல்லாத சர்க்கரையாக இருக்கச் சட்டம் இடம் தருகிறது. லேபிளிலுள்ள நான்கு இலக்க ‘NOM’ எண் ஆலையைத்தான் சொல்லும், தரத்தை அல்ல. எல் டெசோரோ, டபாத்தியோ பிராண்டுகள் இரண்டும் மெக்சிகோவின் அரான்டாஸ் ஊர்ப் பக்கத்து லா அல்தென்யா ஆலை, எண் 1139தான். முன்னது முழுக்க தஹோனா என்ற பெரிய உருளும் கல்லில் நசுக்கியது. இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்தால் அந்தக் கல்லின் வேலை நாக்கில் தெரியும்.

ஊற்றுவது 30 மி.லி., வாய் குறுகிய கிளாஸில், பத்து நிமிடம் காற்றாட விட்டு. 18 முதல் 22 டிகிரி சரியான சூடு. அறை 30 டிகிரி என்றால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பாட்டிலைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் எரிச்சல் குறையும். முதல் மடக்கு வாயைப் பழக்க மட்டுமே, இரண்டாவதிலிருந்து கணக்கு. உப்பும் எலுமிச்சையும் மோசமான டெக்கிலாவுக்கு முட்டுக்கொடுக்க நல்லவை.

டபாத்தியோ 110 போன்ற 55 சதவீதச் சரக்கில் 30 மி.லி.க்கு 6 மி.லி. தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 46 சதவீதத்துக்கு இறங்கும். சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். மொத்தமாக ஊற்றினால் மூலிகை வாசம்தான் முதலில் போகும்.

நெயில் பாலிஷ் நெடி வந்தால் வடித்தலின் தலைப்பகுதியை (முதலில் வடிவதை) சரியாக வெட்டவில்லை. ஈர அட்டை வாசம் வால்பகுதியின் (கடைசியில் வடிவதன்) குறை. பீப்பாய் பார்க்காத சரக்கில் கேக் மாதிரி வெனிலாவும் உதட்டில் பிசுபிசுப்பும் இருந்தால் சந்தேகப்படுங்கள். காலி கிளாஸை இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் முகர்ந்து பார்ப்பது நாங்கள் நம்பும் சோதனை: நேர்மையான பிளாங்கோவில் அகேவும் மண்ணும் மிச்சமிருக்கும்.

பாட்டிலை நிமிர்த்தியே, வெளிச்சம் படாமல் வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் மணம் தளரும். அதற்கு முன்பே 200 மி.லி. கண்ணாடிக் குப்பிக்கு விளிம்புவரை மாற்றிவிடுவது நல்லது. தளர்ந்துபோனதைத் தனியாகக் குடிப்பதில் பயனில்லை, 50 மி.லி.யோடு 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, 120 மி.லி. கிரேப்ஃப்ரூட் சோடா சேர்த்துப் பலோமா காக்டெயில் ஆக்கிவிடுங்கள்.