பால்டர்ஸ் கேட் 2: கிளைகளின் மேல் ஒரு நகரம்

பயோவேர் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கணினி விளையாட்டு வெளிவந்தது 2000ஆம் ஆண்டு. பீம்டாக் என்ற இன்னொரு நிறுவனம் அதைச் செப்பனிட்டு என்ஹான்ஸ்டு எடிஷனாகக் கொண்டுவந்தது 2013இல். இவ்வளவு பழைய விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்றால், சுல்டானெசெல்லாருக்காக. கதையின் கடைசிப் பகுதியில் வரும், டெதிர் காட்டுக்குள் ஒளிந்திருக்கும், எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரின் நகரம் அது. விளையாட்டுகளில் காடு என்று காட்டுவதில் பாதி, பச்சை வண்ணம் பூசிய சுவர்தான். இது அப்படியில்லை. மரம் நோயுற்றால் ஊர் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை.

நான் சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சாலையோரத் தூங்குமூஞ்சி, அங்சானா, தெம்புசு மரங்களில் கயிறு கட்டி ஏறிக் கவாத்து செய்வது என் தொழில். மரத்தின் மேல் ஊர் கட்டியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், கோபுரத்தை அப்புறம் பார்ப்பேன். கிளை எங்கே பிரிகிறது, எடை எதில் இறங்குகிறது என்றுதான் முதலில் கண் போகும். விளையாடியது ஐபேடில். இந்த விமர்சனமும் அந்தப் பதிப்புக்குத்தான்.

முதலில் அந்த ஊர் ஒளிந்திருக்கும் விதம். பாதாள உலகத்திலிருந்து வெளியே ஏறி வந்ததும் எல்ஹான் என்ற தளபதியும் அவனுடைய எல்ஃப் படையும் காட்டில் நிற்கிறார்கள். அவர்கள் ஊர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர்களாலேயே உள்ளே போக முடியவில்லை. வழியைக் காட்டும் ரின் லாந்தன் என்ற விளக்கு களவு போய்விட்டது. அது இல்லாதவனுக்கு, அந்த மண்ணில் பிறந்தவனானாலும், கண்முன் இருப்பது வெறும் காடு. விளக்கோ அத்கட்லா நகரத்து இடுகாட்டின் அடியில், போதி என்ற இரத்தக் காட்டேரியிடம் இருக்கிறது. மறுபடி பட்டணத்துக்குப் போய், அவளை வென்று, விளக்கோடு திரும்பி வந்தால்தான் டெதிர் காடு வழி விடும். பகைவருக்காகப் போட்ட பூட்டு சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிட்டது. எல்ஹானின் கடுகடுப்பு முழுவதும் அந்த வெட்கத்திலிருந்து வருவதாகத்தான் எனக்குப் பட்டது.

உள்ளே போனால் ஊர் ஏற்கெனவே பகைவன் கையில். அமைதியாக இருந்த சுல்டானெசெல்லாரை இந்த விளையாட்டு நமக்கு முதலில் காட்டுவதே இல்லை. அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய மரங்களுக்கு நடுவே தளங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒடுங்கிய நடைபாதைகள், வளைந்த கூரைகள். அவற்றின் மேல் கூலிப்படையும் அரக்கர்களும், போதாததற்கு ஒரு கரிய டிராகனும். இடிந்ததையும் எரிந்ததையும் வைத்து, நன்றாக இருந்தபோது இது எப்படி இருந்திருக்கும் என்று நாமே கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

தேநீர் இடைவேளையில் ஐபேடை எட்டிப் பார்த்தான் என் குழுவில் வேலை செய்யும் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி.

"அண்ணே, பாலத்த மரத்துலயா கட்டிருக்காங்க? மரம் பெருத்தா என்ன செய்வாங்க?"

"அதைக் காட்டல தம்பி. பாரு, முடிச்சுக்கூடத் தெரியல."

"சுத்திக் கட்டிருந்தா செத்துரும்ணே."

அவன் சொன்னது சரி. மரத்தைச் சுற்றிக் கம்பியோ கயிறோ இறுக்கிக் கட்டிவிட்டால், அது பருமனாகும்போது கட்டு பட்டைக்குள் இறங்கும். இலையில் உண்டான உணவு வேருக்குப் போகும் பாதை பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. அது அறுந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மரம் பட்டுப்போகும். அதனால்தான் கிளைகளைக் கம்பியால் தாங்கும்போது சுற்றிக் கட்டாமல், துளையிட்டு போல்ட்டு போடுகிறோம். இங்கே சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டில் 2004இல் திறந்த மர உச்சி நடைபாதை 250 மீட்டர் நீளம், தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம். இரண்டு மேடுகளுக்கு இடையே தொங்குகிறது. காட்டின் உச்சியை ஒட்டி நடக்கிறோம், ஆனால் பாலத்தின் எடை எந்த மரத்தின் மேலும் இல்லை. சுல்டானெசெல்லாரை வரைந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. இலை அசைவதும் இல்லை, காற்றில் பாலம் ஆடுவதும் இல்லை. அசையாத ஓவியம்தான் பின்னணி. அந்தக் காலத்து நுட்பம் அவ்வளவு. ஓவியம் அழகானது, மரத்தின் மேல் நிற்கும் உணர்வை மட்டும் முழுதாகத் தரவில்லை.

ஆனால் அரண்மனைக்குப் பின்னால் வருவது வேறு தரம். ரில்லிஃபேன் கோயிலில் மூன்று புனிதப் பொருள்களை ஒப்படைத்தால் அந்தக் கடவுளின் வடிவம் தோன்றி அரண்மனையைத் திறந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் உயிர் மரம். ஊரின் உயிரே அதில்தான். கதையின் வில்லனான மந்திரவாதி ஐரனிக்கஸ் அதன் சக்தியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். மரத்தின் கிளைகளில் மூன்று ஒட்டுண்ணிகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தால்தான் அவனை நெருங்க முடியும்.

புல்லுருவி! குருவி தின்று எச்சமிட்ட விதை கிளையில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே முளைத்து, மரத்துக்குள் தன் வேரை இறக்கி, மரத்தின் நீரைக் குடித்து வளரும். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு மரம் செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். மேலே ஏறினால்தான் எந்த இலை மரத்தினுடையது, எது வந்து குடியேறியது என்று தெரியும். இலையை மட்டும் கிள்ளிவிட்டு இறங்கினால் திரும்பத் தழைக்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டியெடுக்க வேண்டும். ஒரு மாயாஜால விளையாட்டின் உச்சக்கட்டப் போரில் என் அன்றாட வேலையை வைத்திருந்தார்கள். கிளை கிளையாக நடந்து அந்த மூன்றையும் முடித்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கட்டம் அந்நியமாக இருக்காது. சங்க கால அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. பகைவன் அதை வெட்டி முரசு செய்வான், தன் யானையை அதில் கட்டுவான். மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான் சேரன் செங்குட்டுவன். மரம் விழுந்தால் ஊர் விழுந்தது என்று கணக்கு. ஐரனிக்கஸ் செய்வது அதைவிடக் கொடியது. வெட்டினால் வெட்டியவன் யார் என்று ஊருக்குத் தெரியும். அடிமரத்தில் துளிர்கூட வரலாம். அவன் மரத்தை நிற்க வைத்தே காலி செய்கிறான்.

அவன் வெளியூர்க்காரனும் இல்லை. ஒரு காலத்தில் ஜோனெலெத் என்ற பெயரில் இதே ஊரில் இருந்தவன், அரசி எல்லஸிம் நேசித்தவன். இதே மரத்தின் சக்தியால் கடவுளாக மாறப் பார்த்தான். அவனுடைய எல்ஃப் தன்மையைப் பறித்து ஊரைவிட்டு விரட்டினார்கள். போதி அவனுடைய சகோதரி. விரட்டியதோடு சங்கதி முடிந்தது என்று கதவை அடைத்துக்கொண்ட அந்த ஊரின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவன் வெளியே எத்தனை பேரைச் சித்திரவதை செய்தான் என்பதை நாம் கதை முழுக்கப் பார்த்தே வந்திருக்கிறோம். எல்லஸிம் அவனிடம் கடைசியாகப் பேசும் காட்சியில் அந்தப் பழைய பாசம் இன்னும் குரலில் இருக்கிறது. டேவிட் வார்னர் ஐரனிக்கஸுக்குக் கொடுத்திருக்கும் குரலை நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். உணர்ச்சி வற்றிப்போன ஒருவனை அவ்வளவு உணர்ச்சியோடு நடித்திருக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. ஒடுங்கிய நடைபாதைகளில் நம் குழுவின் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் சுற்று வழி தேடி வேறெங்கோ போய்விடுகிறார். டிராகன் பக்கத்தில் இருக்கும்போது இது உயிர்ப் பிரச்சினை, ஒவ்வொருவராக நகர்த்துங்கள். விதிகள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் பழைய இரண்டாம் பதிப்புக் கணக்கு. கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம் என்பது புதியவர்களைக் குழப்பும். படிக்க ஆங்கிலம் நிறைய. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு விளையாடுவதற்கு இது தோதான சரக்கு இல்லை, உட்கார்ந்து நிதானமாக விளையாட வேண்டியது.

ஊரை மட்டும் பார்த்துவிட்டு வரக் குறுக்கு வழியும் இல்லை. அத்கட்லாவில் தொடங்கி எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். உயிர் மரத்துக்குப் போகும் முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐரனிக்கஸை வீழ்த்தியதும் விளையாட்டு உங்களை நேரே நரகத்துக்கு இழுத்துப் போய்விடும். அதற்குப் பின் திரும்பி வந்து, விட்டுப்போன வீடுகளுக்குள் நுழைந்து பார்க்க வாய்ப்புக் கிடைக்காது.