அப்பாவைக் கடலில் இறக்கிய அச்சுக்கடை

எங்கள் வீட்டுக் கூத்துகளை 14 கட்டுரைகளாக எழுதி, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 50 பிரதி அடித்தேன். கடை ராமநாதபுரத்தில், ஒரே ஒரு அறை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கந்தூரி நோட்டீஸ் என்று எப்போதும் கூட்டம். புத்தகம் போடுவீர்களா என்று கேட்டதற்கு, "போஸ்டரே போடுறோம், புத்தகம் போட மாட்டோமா?" என்றார் கடைக்கார அண்ணன்.

டைப் அடிக்கப் பக்கத்துக்கு 30 ரூபாய். 96 பக்கம், அச்சும் அட்டையும் சேர்த்துப் பிரதிக்கு 90. மதுரைக்கு அலையாமல் இந்த விலைக்குக் கிடைத்ததே பெரிது. எழுத்து நல்ல கறுப்பு. ழ, ள ஒன்றுகூடத் தவறவில்லை. சொதப்பல் வேறு இடத்தில்.

நாங்கள் பாம்பன்காரர்கள். என் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலில் தகடு, விரலெல்லாம் துணிச்சுற்று. மூச்சடக்கி முங்கினால் மரிக்கொழுந்துப் பாசியோடுதான் எழும்புவார். அப்பாவுக்கு வள்ளத்தைப் பார்த்தாலே வாந்தி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் வண்டி ஓடிய காலத்தில், அது ஊர்ந்து போகும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதனால் அடுப்பு, என் சடை, பள்ளிக்கூடக் கையெழுத்து எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வைக்கும் காரல் மீன் குழம்பில் உப்பு இல்லை என்று அம்மா தினமும் சண்டை பிடிப்பார். "நாள் முழுக்க உப்புத் தண்ணியில கிடந்துட்டு வந்தா எதுலதான் உப்பு தெரியும்?" என்பது அப்பாவின் நிரந்தரப் பதில்.

டைப் அடித்த தம்பி இதையெல்லாம் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார். "அக்கா, அவசரத்துல அப்பா அம்மாவை மாத்தி மாத்தி எழுதிட்டீங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்" என்று புரூஃப் பிரதியை நீட்டினார். குழம்பும் சடையும் அம்மாவிடம் போய்விட்டன. அப்பா கடலில் முங்கிக்கொண்டிருந்தார். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கியதைக் கேட்டு, "பூங்கான்னா ஊஞ்சல் இருக்கணுமே?" என்று அம்மா அடித்த ஜோக்கும் அப்பா பேருக்கு மாறியிருந்தது. சேலையை மட்டும் தம்பி தொடவில்லை. ஆகவே 23-ஆம் பக்கத்தில் அப்பா சேலை கட்டி, மேலே சட்டை மாட்டிக்கொண்டு தென்கடலில் குதிக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் தம்பி முகம் செத்துவிட்டது. பாவம், இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்காமல் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். அதற்காகவே ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன். பைண்டிங் அரை மார்க்கைத் தின்றுவிட்டது. பின் அடித்து மேலே அட்டை ஒட்டுகிறார்கள். எங்கள் ஊர்க் கச்சான் காற்றுக்கு மூன்றே மாதத்தில் பின் துருப்பிடித்து, நடுப்பக்கமெல்லாம் மீன் குழம்பு சிந்தினாற்போல ஆகிவிட்டது. கடலோரத்து ஆட்கள் நூல் தையல் கேட்டு வாங்குங்கள், 15 ரூபாய்தான் கூட. மூன்றரை நட்சத்திரம்.

அந்தப் பழைய புரூஃப் பிரதியை அப்பா திருப்பித் தர மறுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா விரல் துணிகளை அவிழ்த்துக்கொண்டிருக்க, 23-ஆம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "என் சேலையவா கட்டிட்டுப் போனீங்க?"