கேரவனோடு அவுட்பேக் பயணம்: எந்த ரோட்சைடு கவர், எந்த ஆம்புலன்ஸ் கவர் தேறும்?

கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் நம்மவர்களுக்கு நினைவு வரும். இங்கே பேசப்போவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், கட்டிலும் அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்த இரண்டரை, மூன்று டன் வீடு. அதை இழுத்துக்கொண்டு சிட்னியிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ டார்வின், பெர்த் என்று கிளம்புகிறவர்களுக்கு இரண்டு கவர், அதாவது செலவுக்கான காப்பு, வேண்டும். வண்டி நின்றால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ், ஆள் சாய்ந்தால் ஆம்புலன்ஸ். முதலாவதில் பார்க்கவேண்டியது வண்டியும் சாலையும். இரண்டாவதில் பார்க்கவேண்டியது நீங்கள் எந்த மாநிலத்துக்காரர் என்பது.

ரோட்சைடு மூன்று வழிகளில் கிடைக்கிறது. புதுக் காரோடு கம்பெனி கொடுப்பது, கார் இன்சூரன்ஸோடு கொஞ்சம் கூடக் கட்டி வாங்குவது, மாநில மோட்டார் கிளப்பில் சேருவது. முதல் இரண்டும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குப் போதும். கம்பெனி கவர் பெரும்பாலும் டீலரிடமே சர்வீஸ் விட்டால்தான் நீளும். டோ செய்து, அதாவது லாரியில் ஏற்றியோ இழுத்தோ, கொண்டுபோய் விடுவதும் அருகிலுள்ள டீலரிடம்தான். கேரவன் அந்தக் கணக்கிலேயே வராமல் போகலாம். அவுட்பேக் எனும் ஆளரவமற்ற ஆஸ்திரேலிய உள்நாட்டுக்கு மோட்டார் கிளப்பின் உச்ச நிலை மெம்பர்ஷிப்தான் சரி. என்ஆர்எம்ஏ, ஆர்ஏசிவி, ஆர்ஏசிக்யூ, ஆர்ஏஏ, ஆர்ஏசி, ஆர்ஏசிடி, ஏஏஎன்டி என மாநிலத்துக்கு ஒரு கிளப். ஒன்றின் மெம்பருக்கு மற்றவையும் உதவும். எங்கே நின்றாலும் 13 11 11 என்ற ஒரே எண்.

கிளப்பிலும் அடிமட்ட நிலையை வாங்கிவிட்டு "நம்மகிட்ட மெம்பர்ஷிப் இருக்கு" என்று நிம்மதியாகக் கிளம்புவதுதான் பலர் செய்யும் தப்பு. ஒரு கணக்கு பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளெண்டம்போவிலிருந்து கூபர் பீடி சுமார் 250 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. சரியாக நடுவில் வண்டி நின்றால் எந்தப் பக்கம் போனாலும் 125. உங்கள் டோ வரம்பு 100 என்றால் 25 கிலோமீட்டர் கைக்காசு. வரம்பு ஒருவழித் தூரத்துக்கா, லாரி கிளம்பி வந்து திரும்பும் மொத்தத் தூரத்துக்கா? மொத்தத்துக்கு என்றால் 250இல் 100 போக 150 கிலோமீட்டருக்கு நீங்கள் கட்டவேண்டும். பாலிசியில் "டோயிங்" என்ற தலைப்பின் கீழ் இந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள். மேல் நிலைக்கு மாறுவதையும் கிளம்புகிற அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஓரிரு நாள் காத்திருப்பு இருக்கலாம்.

அடுத்து, கேரவன். அதற்குத் தனி நம்பர் பிளேட், தனி ரெஜிஸ்ட்ரேஷன். சில கவர்களில் காரோடு மாட்டியிருக்கும்போது மட்டும்தான் அதற்கும் உதவி. கேரவன் பார்க்கில் கழற்றி நிறுத்திவிட்டு, அதன் பேரிங் போனது என்று கூப்பிட்டால் கை விரிப்பார்கள். எடை, நீளம், உயரம் மூன்றுக்கும் உச்சவரம்பு இருக்கும். கேரவனின் சட்டப்படியான மொத்த எடை அதன் தகட்டில் ஏடிஎம் என்று பொறித்திருக்கும். வரம்பை அந்த எண்ணோடுதான் ஒப்பிடவேண்டும், விளம்பரத்தில் போட்ட காலி எடையோடு அல்ல. தண்ணீர் டேங்க் நிரப்பி, ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் ஏற்றினபிறகு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஏடிஎம்மைத் தாண்டியிருந்தால் விபத்து இன்சூரன்ஸே கேள்விக்குள்ளாகும்.

லாரி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காரை மேலே ஏற்றி, கேரவனைப் பின்னால் மாட்டுவது வழக்கம். லாரியில் இருப்பது சாதாரண 50 மில்லிமீட்டர் டோ பால், கேரவனை மாட்டும் இரும்புக் குண்டு. உங்கள் கேரவனில் கரடுமுரடுச் சாலைக்கான டிஓ35 மாதிரி கப்ளிங் (வண்டியோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அந்தப் பாலில் அது உட்காராது. காரில் இருக்கும் டோ பார் நாக்கை அதன் பின்னோடு உருவி லாரிக்காரரிடம் கொடுக்கவேண்டும். அதைப் பூட்டியிருக்கும் பின்னின் சாவி கையில் இருக்கவேண்டும். துரு பிடித்து இறுகிவிட்டால் சுத்தியலோடு ஒரு மணிநேரம் போகும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள். லைட் பிளக்கிலும் இதே கதை. 12 பின் வைத்திருக்கிறவர் 7 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று கையில் வைத்திருக்கவேண்டும். லாரியில் கேரவன் பிரேக்கை இயக்கும் எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

லாரி கேபினில் உட்கார இடம் இரண்டுபேருக்கு இருந்தால் அதிகம். நான்குபேர் குடும்பம், கூட ஒரு நாய் என்றால் மீதிப்பேர் எப்படிப் போவார்கள்? நல்ல கவரில் டாக்ஸிக்கோ வேறு வண்டிக்கோ தனித் தொகை இருக்கும்.

"வாடகைக் கார் இலவசம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். வாடகைக் காரில் கேரவன் இழுக்க அனேகமாக எந்த ஒப்பந்தமும் அனுமதிக்காது. சின்ன ஊரில் கியர்பாக்ஸ் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கேரவன் எங்கே நிற்கும், யார் கொண்டுவருவார்கள்? வண்டியையும் கேரவனையும் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் தொகை எவ்வளவு என்பதுதான் வாடகைக் காரைவிட முக்கியமான வரி.

கிளப்புகள் வருவது சாதாரணக் கார் போகக்கூடிய சாலைக்குத்தான். சிம்சன் பாலைவனத்தின் மணல்மேடுகளும் கேனிங் ஸ்டாக் ரூட்டும் இதில் சேராது. அங்கிருந்து மீட்டு எடுக்கத் தனியார் ஆள் வரவேண்டும், ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். ஜல்லிச் சாலைகளில் அதிகம் போவது டயரும் வீல் பேரிங்கும். ரோட்சைடு ஆள் உங்கள் ஸ்டெப்னியை மாட்டித் தருவார், புது டயர் கொண்டுவரமாட்டார். எனவே கேரவனுக்கு இரண்டு ஸ்டெப்னி, ஒரு செட் பேரிங், கேரவன் எடை தாங்கும் ஜாக்கி. கார் ஜாக்கி பெரும்பாலும் கேரவனின் உயரத்துக்கோ எடைக்கோ பொருந்தாது. சக்கரம் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இதை விட்டதால் கழன்று ஓடிய சக்கரங்கள் உண்டு.

இனி ஆம்புலன்ஸ். அரசு மருத்துவக் காப்பான மெடிகேர் இதற்குக் காசு கொடுக்காது. புதிதாக வந்த பலருக்கு இது தெரிவதில்லை. குவீன்ஸ்லாந்துவாசிக்கு மாநில அரசே கட்டுகிறது, நாட்டின் எந்த மூலையில் விழுந்தாலும் செல்லும். டாஸ்மேனியாக்காரருக்கும் சொந்த மாநிலத்தில் இலவசம். ஆனால் குவீன்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கே போவதற்குமுன் தனிக் கவர் எடுத்தாகவேண்டும். நியூ சவுத் வேல்ஸில் வசிப்பவருக்கு அங்கே செலவின் 51 சதவீதம் பில் வரும். வெளி மாநிலத்தவருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. விக்டோரியாக்காரர்கள் ஆம்புலன்ஸ் விக்டோரியா மெம்பர்ஷிப் எடுப்பதே மலிவு, அது நாடு முழுக்கச் செல்லும். தெற்கு ஆஸ்திரேலியாவில் கவர் இல்லாமல் ஒருமுறை ஏறினாலே 1000 டாலரைத் தாண்டும், கிலோமீட்டர் கட்டணம் தனி.

ஹெல்த் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸ் இருக்கிறது என்பவர்கள் "எமர்ஜென்சி மட்டும்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சின்ன ஊர் மருத்துவமனையிலிருந்து பெரிய ஊருக்கு மாற்றும் பயணம் அதில் விடுபடலாம். அவுட்பேக்கில் அதிகம் நடப்பதே அந்த மாற்றம்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் அவர்களுடைய விசிட்டர் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். பிள்ளை குவீன்ஸ்லாந்துவாசி என்பதால் விசிட்டராக வந்த பெற்றோருக்கு அந்த இலவசம் ஒட்டிக்கொள்ளாது.

"ஃப்ளையிங் டாக்டர் இருக்கிறாரே" என்பது அடுத்த பதில். 1928இல் குளோன்கரியில் தொடங்கிய ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் அவசரத்தில் தூக்கிப்போவதற்கு நோயாளியிடம் பொதுவாக பில் போடுவதில்லை. நல்லர்போர் சமவெளியில் ஏர் (Eyre) நெடுஞ்சாலையின் மேலேயே அவர்கள் இறங்க ஓடுதளக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். தொலைவான பண்ணைகளில் எண் போட்ட மருந்துகளோடு பெட்டி இருக்கும். டாக்டர் போனில் எண்ணைச் சொல்ல, எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சாலையிலிருந்து விமானம் வரை கொண்டுசேர்க்கும் ஆம்புலன்ஸ் வேறு அமைப்பு, அதற்கு பில் வரலாம். விமானம் கொண்டுபோவது மருத்துவமனைக்கு, வீட்டுக்கு அல்ல. துணைக்கு ஒருவருக்கு இடம் கிடைப்பது நிச்சயமில்லை. ஓட்டியவரே படுத்துவிட்டால் கேரவன் ரோட்ஹவுஸ் எனும் சாலையோரத் தங்குமிடத்தின் வாசலில் நிற்கும், மனைவி இழுத்து ஓட்டிப் பழகியிருக்கமாட்டார். ஆம்புலன்ஸ் கவர் இந்த இடத்தில் வராது. ஓட்டுநர் ஓட்டமுடியாமல் போனால் வண்டியை ஊர் சேர்க்கும் வசதி உச்ச நிலை ரோட்சைடிலோ கேரவன் இன்சூரன்ஸிலோ இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே துணைவரும் காலி மைதானத்தில் நாலுமுறை இழுத்து ஓட்டிப் பழகட்டும்.

கூப்பிட சிக்னல் இல்லாவிட்டால் இத்தனை கவரும் வெறும் காகிதம். 3ஜி 2024இல் மூடப்பட்டுவிட்டது. பழைய போன் அவசர எண் 000ஐக்கூடப் பிடிக்காமல் போகலாம். 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி (செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் சைகை அனுப்பும் கையடக்கக் கருவி) ஒன்று வாங்கி ஆம்சா எனும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவுசெய்யுங்கள், இரண்டு வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். அது உயிர் போகும் நிலைக்குத்தான், பங்சருக்கு அல்ல. வண்டிக்கு வண்டி பேச உதவும் யுஎச்எஃப் ரேடியோவில் நெடுஞ்சாலைக்குச் சேனல் 40, கேரவன்காரர்களுக்குச் சேனல் 18.

கார், கேரவன் நம்பர் பிளேட், மெம்பர் எண், மொத்த நீளம், ஏடிஎம், கப்ளிங் வகை, ஆள் எத்தனை, நாய் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒன்றும் கார் டேஷ்போர்டில் ஒன்றும் ஒட்டிவையுங்கள். 13 11 11இல் முதலில் கேட்பது இவற்றைத்தான். இவற்றோடு கடைசியாகக் கடந்த ஊர் பலகையும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதும்.