ஐஸ் பெட்டியை ‘ரீசைக்கிள்’ பண்ணித் தருகிறோம் என்று காசு கேட்டால் கவனம்

பத்தாங் பெர்ஜுந்தை (மலேசியா, சிலாங்கூர்) பக்கம் இருக்கிறவர்களே, தீபாவளிக்குள் ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்) மாற்றலாம் என்று நினைத்திருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். (ஊருக்கு 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றியாகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.)

எங்கள் வீட்டில் இரண்டு பழைய பெட்டிகள் இருந்தன. ஒன்று 2004-ல் வாங்கிய இரண்டு கதவு ஐஸ் பெட்டி. மற்றது மேலே திறக்கிற ஃப்ரீசர், 1993-ல் அப்பா வாங்கியது. அம்மா அதில்தான் ஐஸ்கிரீம் மலேசியா (நீளப் பிளாஸ்டிக் பையில் உறையவைக்கிற குச்சியில்லா ஐஸ்) கட்டிவைத்து, பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளுக்கு விற்றார். எங்கள் புத்தகக் காசு, பஸ் காசு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. அதைக் கண்ட இடத்தில் தள்ள மனம் வரவில்லை. போவதானால் முறையாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

மாற்ற வைத்தது கரண்டு பில். அண்ணன் மகனிடம் பிளக்கில் மாட்டுகிற மீட்டர் இருந்தது. வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஐஸ் பெட்டி மட்டும் ஒரு நாளைக்கு 2.3 யூனிட் இழுத்தது. கதவு ரப்பர் இறுகி வெடித்துப்போய், வெளிச்சூடு உள்ளே போய்க்கொண்டே இருந்ததால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியது. ஃப்ரீசர் அதைவிட மோசம். கடையில் பார்த்த 5 நட்சத்திரப் பெட்டியின் லேபிளில் ஆண்டுக்கு 270 யூனிட் என்று இருந்தது. பழையது நான்கு மாதத்தில் தின்கிற கரண்டில் புதியது ஒரு வருடம் ஓடிவிடும்.

“அக்கா, பழசு ரெண்டையும் நாங்களே எடுத்துக்கிறோம். ஃபேக்டரிக்கு அனுப்பி ரீசைக்கிள் பண்ணிடுவாங்க. ஒண்ணுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்)” என்றார் கடைக்காரர். பக்கத்து வீட்டு அண்ணன், “பழைய இரும்பு லோரிக்காரன்கிட்ட போட்டா அவன் உனக்குக் காசு தருவான், நீ ஏன் குடுக்கிறே?” என்று கேட்டார். தெரிந்தேதான் 80 வெள்ளியைக் கொடுத்தேன்.

ஏனென்றால் இரும்பு லோரிக்கு வேண்டியது கம்ப்ரஸரும் அதற்குள் இருக்கிற செம்புக் கம்பியும்தான். குழாயை அறுத்ததும் பெட்டியைக் குளிரவைக்கிற கேஸ் முழுக்கக் காற்றோடு போய்விடும். 1990-களின் தொடக்கம் வரை வந்த பெட்டிகளில் இருந்தது ஆர்-12. ஓசோனை அரிக்கிற கேஸ் என்பதால்தான் 1987-ல் மொன்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. மலேசியா 1989-ல் சேர்ந்தது. பூமியைச் சூடாக்குவதிலும் அது கரியமில வாயுவைப்போல் பத்தாயிரம் மடங்கு. எங்கள் ஃப்ரீசரின் பின்தகட்டில் 180 கிராம் என்று அச்சடித்திருந்தது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். குழாயோடு முடிந்துவிடுவதும் இல்லை. அந்தக் காலத்துப் பெட்டியின் சுவருக்குள் இருக்கிற மஞ்சள் நுரையை ஊதப் பயன்பட்டது ஆர்-11. பெரும்பாலும் குழாயில் இருப்பதைவிட நுரையில் சிக்கியிருப்பதுதான் அதிகம். முறையாகச் செய்கிற இடத்தில் முதலில் கேஸையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு பெட்டியை மூடிய இயந்திரத்தில் போட்டு அரைத்து, நுரையிலிருந்து வருகிற கேஸையும் பிடித்துவிட்டு, இரும்பு, செம்பு, பிளாஸ்டிக் என்று பிரிப்பார்கள். நான் காசு கொடுத்தது இதற்காகத்தான்.

மூன்று மாதம் கழித்து, பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இன்னும் குடியிருக்கிற ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். பால்மரம் வெட்டியே வாழ்க்கை ஓடியவர், எங்கள் அம்மாவுக்குப் பழக்கம். “புதுசா பெட்டி வாங்கியிருக்கேம்மா, கரண்டு ஜிமாட்டாம் (சிக்கனமாம்)” என்று கூட்டிப்போய்க் காட்டினார். வெள்ளைப் பெயிண்ட் பளபளத்தது, கதவில் 5 நட்சத்திர லேபிள். உள்ளே காய்கறித் தட்டை இழுத்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்தத் தட்டு ஒருமுறை விரிசல் விட்டபோது, தோட்டத்து வர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, மெல்லிய அலுமினியத் துண்டு வைத்து ரிவெட் அடித்திருந்தார். அந்த நான்கு ரிவெட்டும் அப்படியே இருந்தன.

பாட்டி அதற்குக் கொடுத்தது 380 வெள்ளி, மூன்று தவணையில். முந்தைய பெட்டி கெட்டு, சில மாதம் பெட்டியே இல்லாமல் இருந்தபோது அவருக்கு வந்த பில் 28 வெள்ளி. இப்போது 45. “ஜிமாட்னாங்களே, ஏம்மா ஏறுது?” என்று என்னைக் கேட்டார். நான் விட்டுத் தொலைத்த சுமையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதுவும் நான் கொடுத்த காசையும் வாங்கிக்கொண்டு.

ஃப்ரீசர் எங்கே போனது என்று அவருடைய பேரன்தான் காட்டினான். செம்பனைக் காட்டு ஓரம், கால்வாயில் சாய்ந்து கிடந்தது. கம்ப்ரஸர் இருந்த இடம் காலி, அறுத்த குழாய் முனைகள், மண்ணில் எண்ணெய்க் கறை. நுரைத் துண்டுகள் தண்ணீரில் மிதந்தன. பெட்டிக்குள் மழைநீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது. அந்த லயத்தில் போன வருடம் இரண்டு பேருக்கு டெங்கி. மூடி இன்னும் நன்றாகத் திறந்து மூடியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு கலங்கியது. ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே இறங்கி மூடி விழுந்துவிட்டால் மூச்சு நின்றுவிடும். அங்கேயே மூடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “லோரிக்காரங்ககிட்ட குடுத்தாச்சுக்கா, அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியாது” என்றார்கள். என்னிடம் இருந்த ரசீதில் ‘பழைய பொருள் – 80’ என்று மட்டும் மலாயில் எழுதியிருந்தது. ரீசைக்கிள் என்ற சொல்லே அதில் இல்லை. காசு கொடுக்கும்போது நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

நீங்கள் கொடுப்பதற்கு முன், எந்த ஃபேக்டரி என்று பெயரைக் கேளுங்கள். பழைய ஐஸ் பெட்டி மின்கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடங்கள்தான் அதைப் பிரிக்க வேண்டும், அந்தப் பட்டியல் துறையிடம் இருக்கிறது. பெயர் சொல்லத் தயங்கினால் கொடுக்காதீர்கள். ரசீதில் பெட்டியின் சீரியல் எண்ணையும் எங்கே போகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் பிளக் வயரை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். புது வயர் மாட்ட ஐந்து நிமிடம் போதும், அதை நம்பாதீர்கள். குழாயை மட்டும் நீங்களே தொடவேண்டாம். இப்போதைய பெட்டிகளில் இருக்கிற ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள மாடல் எண்ணையும் பெட்டியின் உள்தகட்டில் உள்ள எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டி வீட்டில் இரண்டும் வேறு வேறு. அந்த நட்சத்திர லேபிள் இங்கே கட்டாயமானதே 2013-ல்தான். 2004-ல் வந்த பெட்டிக்கு அது எங்கிருந்து வந்தது?

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம், நான் ஒன்று, பாட்டி ஒன்று. கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

அன்று கிளம்பும்போது பாட்டி, “இதைத் திரும்பக் கொண்டுபோயிடுவியாம்மா?” என்று பயந்துபோய்க் கேட்டார். எப்படி எடுப்பேன்? இப்போதைக்குக் கதவு ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்க நாங்கள் நான்கு வீடு சேர்ந்து காசு போடுகிறோம். அது வந்ததும் இதையும் கால்வாயில் கிடக்கிற ஃப்ரீசரையும் தம்பியின் லோரியில் ஏற்றிக்கொண்டு, உரிமம் உள்ள இடத்துக்கு இந்த முறை நானே கூடப் போவேன்.