மகனின் வீடியோவைக் கேட்டு வாங்கினோம்: பொலிஸ் கமரா சேவைக்கு 5க்கு 3

இங்கிலாந்தில் பொலிஸார் நெஞ்சில் மாட்டியிருக்கும் கமராவில் நாம் பதிவாகியிருந்தால், அந்த வீடியோவைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. கட்டணம் இல்லை. மகனுக்காக நாங்கள் கேட்டு வாங்கினோம்.

அவனுக்கு 17 வயது. ரியூஷன் முடிந்து வரும்போது பஸ் தரிப்பிடத்தில் மறித்துப் பையைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. "அவர் முதல் கேட்ட விதமே சரியில்லை அம்மா" என்றான். என்ன கேட்டார் என்றால் வாய் திறக்கவில்லை.

சோதனை பற்றிய எழுத்துப் பதிவை 3 மாதம் வரை கேட்கலாம். வீடியோவுக்கு அவ்வளவு காலம் இல்லை. வழக்குக்குத் தேவைப்படாத பதிவுகள் பொதுவாக 31 நாளில் அழிந்துவிடும். எங்களுக்குப் பழக்கமானவர்களில் இது ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றார் கணவர். நான் மறுநாளே மகனை இருத்தி விண்ணப்பத்தை நிரப்ப வைத்தேன். நாள், நேரம், இடம், போட்டிருந்த உடுப்பு, சோதனைச் சீட்டில் இருந்த பொலிஸ்காரரின் தோள் இலக்கம் எல்லாம் எழுதினான். முடிவு வரும்வரை பதிவை அழிக்கவேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம்.

ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். 27ஆம் நாள் மின்னஞ்சலில் இணைப்பு வந்தது. அதற்கு ஒரு நட்சத்திரம். படம் வடிவான தெளிவு, பையின் கிழிந்த வார்கூடத் தெரிகிறது. அதற்கு ஒன்று. பக்கத்தில் நின்றவர்களின் முகங்களை மறைத்திருந்தார்கள். அவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தானே, அதற்கு மூன்றாவது.

மிச்ச இரண்டையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் அரை நிமிடத்துக்குச் சத்தமே இல்லை. இந்தக் கமராக்கள் பலவற்றில், பொத்தானை அழுத்துவதற்கு முந்திய 30 வினாடியின் படம் மட்டும் சேர்ந்து வரும், குரல் அழுத்திய பிறகுதான் பதிவாகும். கமரா பொலிஸ்காரரின் நெஞ்சில் இருப்பதால் அவர் வாயும் தெரியாது. தெரிவது என் பிள்ளையின் முகம் மட்டும். இயர்போனைக் கழற்றுகிறான், சிரிக்கப் பார்க்கிறான், பிறகு அந்தச் சிரிப்பு போய்விடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு பீப் சத்தம். கமரா ஓடுகிறது என்று சொல்லி, பெயர், நிலையம், காரணம் என்று எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்கிறார் அவர்.

முடிந்தவரை ஆரம்பத்திலேயே பதிவைத் தொடங்கவேண்டும் என்றுதான் பொலிஸாருக்கான வழிகாட்டலும் சொல்கிறது. ஆனால் பொத்தான் அவர் கையில். எங்களுக்குத் தேவையான அந்த முதல் கேள்வி எங்கும் இல்லை. மகன் இரண்டாம் தரம் பார்க்கவில்லை, எழும்பிப் போய்விட்டான்.

பேச்சைத் தொடங்குமுன் ஏன் பொத்தானை அழுத்தவில்லை என்று கேட்டு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். உங்கள் பிள்ளையை மறித்தால் அன்றிரவே நேரத்தையும் தோள் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். முதலில் என்ன கேட்டார்கள் என்பதையும் பிள்ளையின் வாயால் சொல்லவைத்து எழுதிவிடுங்கள். நான் அதை அன்றைக்குச் செய்யவில்லை.