நான்கடிப் பவளத் தொட்டி: தண்ணீர் அடங்கியது, சில்லர் அடங்கவில்லை

பவளத் தொட்டியின் தண்ணீரைக் குளிர வைக்கும் என் சில்லர் பழுது பார்த்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதே வாரம் கோலகங்சாரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நானும் நான்கடிக்கு மாறலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" போனில் சொன்னால் கோபம்தான் முதலில் வரும். அதனால் எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் கூடத்தில் முன்பு இருந்தது இரண்டடித் தொட்டி, சுமார் 125 லிட்டர். இப்போது இருப்பது 450 லிட்டர். வித்தியாசம் முதலில் தெரிந்தது உப்பில். சின்னத் தொட்டியை மின்விசிறி வைத்துத்தான் குளிர வைத்தேன். விசிறி தண்ணீரை ஆவியாக்கும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 1.025-இல் விட்டுப்போன அடர்த்தி 1.026-ஐத் தாண்டி நிற்கும். பெரிய தொட்டியில் அதே அளவு தண்ணீர் குறைந்தாலும் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் கோடு அசைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. பழைய தொட்டியில் பாதிக்குமேல் விரியாத ஹேமர் பவளம், இப்போது காலை விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் நுனியெல்லாம் பச்சையாக உப்பி, பக்கத்துப் பாறையைத் தொடும் அளவுக்கு விரிகிறது. அதைப் பார்க்கவே தனியாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

மாற்றும் வேலையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. புதுத் தண்ணீருக்கு முந்தின நாளே உப்பை ஆர்ஓ தண்ணீரில் (வடிகட்டிச் சுத்தமாக்கிய தண்ணீர்) கலந்து வைக்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கணக்கில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ உப்பு போனது. மிச்சம் பழைய தண்ணீர். பாறைகளைப் பழைய தண்ணீரிலேயே மூழ்கவைத்துத் தூக்கினால் அவற்றில் இருக்கும், கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா சாகாது, அம்மோனியாவும் ஏறாது. பழைய மணலை மட்டும் கொண்டு போகவே கூடாது. கிளறினால் அடியில் தேங்கிய கழிவு முழுவதும் மேலே வரும், கூடவே அழுகிய முட்டை வாடையும்.

இனி சில்லர். இவ்வளவு தண்ணீரை நம் ஊர் ஈரக்காற்றில் விசிறி மட்டும் குளிர வைக்காது. கூடம் மதியம் 32 டிகிரிக்கு ஏறும், தண்ணீர் 26-இல் நிற்க வேண்டும். சூடு கூடினால் பவளம் தன் உடலுக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010-இல் கடலே சூடாகிப் பவளம் வெளுத்தபோது மலேசியாவின் தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் சில முக்குளிப்பு இடங்களை மூடினார்கள். அப்படியிருக்க ஒரு கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?

விற்ற கடைக்காரர், "தொட்டிக்கு அடியில இருக்கிற கேபினட்டுக்குள்ளேயே வைங்க, பார்க்க நீட்டா இருக்கும்" என்று சொல்லி அவரே பொருத்திவிட்டுப் போனார். தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை இந்த இயந்திரம் வேறெங்கே கொட்டும்? கேபினட்டுக்குள்தான். கேபினட் சூடாகி, கூடம் சூடாகி, தொட்டி மறுபடி சூடாகி, கம்ப்ரசர் மறுபடி ஓடும். இரவு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கும் நிலை. எங்கள் வாசல் வழியாகத்தான் செம்பனைக் குலை லாரிகள் ஆலைக்குப் போகின்றன. பழுது பார்த்தவர் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே செம்மண் தூசியும் பூனை முடியும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. உள்ளே இருந்த காற்றாடி மோட்டார் கருகிப்போயிருந்தது.

இயந்திரத்தை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. சுற்றிலும் காற்றோட்டம் வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. விற்கிறவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அது பட்டறையில் கிடந்தபோது தொட்டிமேல் இரண்டு விசிறி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள் என்று ஓட்டினேன். பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடேறியது, ஒரு பவளமும் வெளுக்கவில்லை. இரண்டடியாக இருந்திருந்தால் இவ்வளவு மெதுவாகச் சூடேறியிருக்காது.

இப்போது சுவரில் துளை போட்டு, குழாய் இழுத்து, சில்லரைப் பின்கட்டுக்குக் கொண்டு போய்விட்டேன். குழாய் நீண்டதால் ஓட்டம் குறைந்து, பெரிய பம்ப் வேறு வாங்க வேண்டியதாயிற்று. கூடத்தில் சத்தம் போனது. அம்மா சமைக்கும்போது காலில் சூடு அடிக்கிறது என்கிறார். வாரம் தவறாமல் தகடுகளைத் தூசி தட்டுவதும் என் தலையில்தான்.

சரி, தம்பி மாறலாமா? மேலே இவ்வளவு நல்லது எழுதியும், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர் இருப்பது வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். சில்லரைக் கூடத்திலேயே வைத்துக்கொண்டு இந்த வெயிலில் அவர் படப்போகும் பாட்டை நினைத்தால், இரண்டடியும் மின்விசிறியும் போதும். காசும் மிச்சம், தூக்கமும் மிச்சம். ஹேமர் விரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வரட்டும்.